அடுத்து வருபவரும் படிக்கக்கூடிய மொழியில் எழுதுவோம்: சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழுவினர், இணையக் குழுவில் என்னோடு உழைக்கும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

இதை உங்களுக்கு மட்டும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் சிங்கப்பூரில் நம்மைப் போலவே தொண்டூழியர்களை நம்பி இணையத்தளம் நடத்தும் சங்கங்களும் முன்னாள் மாணவர் மன்றங்களும் இன்னும் பல இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் இருப்பவர்களிடம் பேசிப் பார்த்தேன். நம் வீட்டுக் கதைதான் அங்கேயும். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்: நம் இணையத்தளத்தை, அடுத்து வருபவரும் படிக்கக்கூடிய எளிய நிரல்மொழிக்கு மாற்றுவோம் என்று கேட்கவே இந்த மடல்.

சென்ற மார்ச் மாதம் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி நாம் நடத்தும் கதைசொல்லும் போட்டிக்குப் பதிவு போய்க்கொண்டிருந்தது. கடைசி நாளான வெள்ளிக்கிழமை மாலை ஒரு பள்ளி ஆசிரியர் அழைத்து, திங்கட்கிழமை வரை நேரம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். செயலாளர் அக்கா உடனே சரி என்றார். மாற்ற வேண்டியது ஒரே ஒரு தேதி. அந்தப் படிவத்தை எழுதிய தம்பி அப்போது ரிசர்விஸ்ட் பயிற்சியில் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான ராணுவப் பயிற்சி), கைபேசி எட்டாத காட்டில் இருந்தார். தெம்பனிஸில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து நானே மாற்றிவிடலாம் என்று தொடங்கினேன். அந்தத் தேதி மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தது: திரையில் ஒன்று, பதிவைச் சரிபார்க்கும் நிரலில் ஒன்று, மின்னஞ்சல் அனுப்பும் நிரலில் ஒன்று. முதலாவதை மாற்றித் தளத்தை மறுபடி கட்டியபோது, நான் தொடவே தொடாத ஏதோ ஒரு துணைநிரலின் (பிறர் எழுதி, நம் நிரல் நம்பியிருக்கும் சிறு நிரல்) பதிப்பு பொருந்தவில்லை என்று எல்லாம் நின்றது. இரவு இரண்டு மணிக்குத் தூங்கப்போனேன். சனிக்கிழமை மதியம்தான் சரியானது.

அதற்குள் படிவத்தைத் திறந்த பெற்றோர் எல்லோரும் கண்டது "பதிவு முடிந்தது" என்ற வரி. ஈசூனில் இருக்கும் ஒரு தாயார் இரண்டு வாரம் கழித்து என்னிடம், "முடிஞ்சு போச்சுன்னு போட்டிருந்துச்சு, அதான் விட்டுட்டோம்" என்றார். அவருடைய மகள் ஒரு மாதமாகக் கதையை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

அந்தத் தம்பியின் மீது ஒரு துளி குறையும் இல்லை. 2021இல் தளத்தை இப்படிக் கட்டலாம் என்று முடிவெடுத்த நால்வரில் நானும் ஒருத்தி. அதனால் மாற்றச் சொல்லும் பொறுப்பும் எனக்கு உண்டு.

தளத்தை இப்போது என்ன ஓட்டுகிறது என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் திரையில் ஓடுவது ரியாக்ட் என்ற கருவியில் எழுதிய ஒரு தனி நிரல். அதற்குப் பின்னால் பதிவுக்கு, கட்டணத்துக்கு, மின்னஞ்சலுக்கு என்று மூன்று சிறு சேவைகள், ஒவ்வொன்றும் தனித்தனி டாக்கர் பெட்டிக்குள், அதாவது நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாக அடைத்து ஓட்டும் பெட்டிக்குள். அந்தப் பெட்டிகளை மேய்க்க குபெர்னெட்டிஸ் என்ற இன்னொரு கருவி. இதற்கு மாதாமாதம் வாடகை. ஒரு புதிய தொண்டூழியர் தம் மடிக்கணினியில் இதை நிறுவினால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணைநிரல்கள் வந்து இறங்குகின்றன. நாம் பெயர் சொல்லிக் கேட்டவை நாற்பதுகூட இல்லை. மற்றவை எல்லாம் அவற்றின் கைபிடித்து வந்தவை.

ஒவ்வொரு கருவியும் அதனதன் இடத்தில் நல்ல கருவிதான். ஃபேஸ்புக் 2013இல் ரியாக்ட்டைப் பொதுவில் வெளியிட்டபோது அவர்களுக்கு ஓர் உண்மையான சிக்கல் இருந்தது. ஒரே திரையில் உரையாடலும் அறிவிப்பு எண்ணிக்கையும் விருப்பக்குறிகளும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். எதுவும் ஒன்றுக்கொன்று முரண்படக்கூடாது. குபெர்னெட்டிஸை கூகல் 2014இல் வெளியிட்டது, பெருந்திரளான கணினிகளை ஒன்றாக ஓட்டிய அனுபவத்திலிருந்து. நம்மிடம் இருப்பது நானூறு பிள்ளைகள், சனிக்கிழமை வகுப்புகள், ஆண்டுக்கு மூன்று போட்டிகள், ஒரு தொண்டூழியர் அட்டவணை. பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தின் பாரந்தூக்கியைக் கொண்டுவந்து தேக்கா சந்தையில் பூக்கூடை தூக்கிக்கொண்டிருக்கிறோம். அதை ஓட்டத் தெரிந்தவர் ஊரில் இல்லாத நாளில் கூடை தரையிலேயே கிடக்கிறது.

இந்தத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். 2014இல் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஆங்குலர்ஜேஎஸ் என்ற, ரியாக்ட் போன்ற ஒரு கருவி கொண்டு ஊழியர்களுக்கான பெரிய தளம் ஒன்றை எழுதினோம். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர் மட்டும்தான் பழையது, எழுதும் முறை முற்றிலும் வேறு. பழைய நிரலை அப்படியே தூக்கி அதில் வைக்க வழியில்லை. 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு பழையதற்கு ஆதரவும் நின்றுபோனது. சம்பளம் வாங்கும் பத்துப் பேர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த இடத்திலேயே அந்த மாற்றம் இரண்டு ஆண்டு இழுத்தது. நம்மிடம் இருப்பது சனிக்கிழமை பிற்பகல்கள். அதுவும் தேர்வு, தேசிய சேவை, குழந்தை பிறப்பு, வேலை மாற்றம் எல்லாம் போக மிஞ்சுவது.

துணைநிரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 மார்ச்சில் துணைநிரல்களை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து ஒருவர் தாம் எழுதிய லெஃப்ட்பேட் என்ற நிரலை விலக்கிக்கொண்டார். மொத்தம் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. அந்த 11 வரி இல்லாமல் உலகம் முழுக்க எண்ணற்ற நிரல்கள் கட்டமுடியாமல் நின்றன. பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் அதை நம்பியிருந்ததே அப்போதுதான் தெரியும். மார்ச் மாதம் என் சாப்பாட்டு மேசையில் நடந்ததும் அதன் சிறிய வடிவம்தான்.

என் கோரிக்கை இது. தளத்தைப் பைத்தான் என்ற நிரல்மொழிக்கும், அதில் இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற கட்டமைப்புக்கும் மாற்றுவோம். ஒரே நிரல், ஒரே தரவுத்தளம், ஒரே சிறிய வாடகைக் கணினி.

ஜாங்கோ பிறந்த இடம் நம் நிலைமைக்கு அவ்வளவு பொருந்துகிறது, அதனால் சொல்கிறேன். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிறு நகரம். அங்கே லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற நாளிதழின் இணையப் பிரிவில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் அதை எழுதத் தொடங்கினார்கள். செய்தி அறையில் கேட்பவர்கள் அவகாசம் தரமாட்டார்கள். சில மணி நேரத்தில் ஒரு புதிய பக்கம் தயாராக வேண்டும். செய்தியை உள்ளே போடுகிறவர்கள் செய்தியாளர்கள், நிரலர்கள் இல்லை. ஆகவே தரவை இன்னது என்று நிரலில் விவரித்துவிட்டால், அதைச் சேர்க்கவும் திருத்தவும் ஒரு நிர்வாகத் திரை தானாகவே வந்துவிடும்படி செய்தார்கள். 2005 ஜூலையில் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி அதை வெளியிட்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கித்தார் கலைஞரின் பெயரைச் சூட்டினார்கள்.

அந்த நிர்வாகத் திரை ஒன்றுக்காகவே நான் ஜாங்கோவைக் கேட்பேன். போட்டியின் கடைசி நாள் தரவுத்தளத்தில் ஒரு வரியாக ஓரிடத்தில் மட்டும் இருக்கும். செயலாளர் அக்கா காப்பிக்கடையில் உட்கார்ந்தபடி கைபேசியில் உள்நுழைந்து, வெள்ளியைத் திங்களாக மாற்றிச் சேமித்துவிடுவார். என்னையோ தம்பியையோ தேட வேண்டியதில்லை.

இன்னோர் உதாரணம். விடுமுறை முகாமுக்குச் சைவமா அசைவமா என்று கேட்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று ஜூன் மாதம் கேட்டீர்கள். இன்று அதற்குத் திரையின் படிவம், திரையில் சரிபார்க்கும் விதி, சேவையில் சரிபார்க்கும் விதி, தரவின் வடிவம், மின்னஞ்சல் சேவை வைத்திருக்கும் நகல், பட்டியல் இறக்கும் நிரல் என்று ஆறு இடங்களைத் தொட வேண்டும். ஜாங்கோவில் தரவை விவரிக்கும் கோப்பில் ஒரு வரி. ஒரு கட்டளை கொடுத்தால் தரவுத்தளத்தை எப்படி மாற்றுவது என்ற குறிப்பை அதுவே எழுதும். இன்னொரு கட்டளை அதை நிறைவேற்றும். நிர்வாகத் திரையில் கட்டம் தானாகத் தோன்றும். பெற்றோர் நிரப்பும் படிவத்தில் அதன் பெயரைச் சேர்த்தால் போதும், சரிபார்ப்பும் கூடவே வந்துவிடும். வகுப்பு நிலையைத் தேர்ந்தெடுத்தவுடன் அதற்குரிய நேரங்கள் மட்டும் தெரிய வேண்டும் என்பது போன்ற சின்ன அசைவுகளுக்கு எச்டிஎம்எக்ஸ் என்ற சிறிய கோப்பு ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனியாக எதையும் கட்டவேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நேரக் கணக்கு. எனக்கு மனவருத்தம் தரும் விஷயம் வேறொன்று.

சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை ஒருவர் வருகைப் பட்டியலைக் காட்டி ஒருநாள் கேட்டார்: "பிள்ளைங்களுக்கு அகர வரிசை சொல்லித் தர்ற இடத்துல, பட்டியலே அகர வரிசையில இல்லையே?" அவர் சொன்னது முழுக்கச் சரி. நம் பட்டியலில் மனோகரன் முன்னால் வருகிறான், மலர்விழி பின்னால் வருகிறாள். கணேசனுக்குப் பிறகு கண்ணன். காரணம், தளம் பெயர்களை யூனிகோட் எண்ணின்படி, அதாவது கணினி ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் வைத்திருக்கும் எண்ணின்படி, அடுக்குகிறது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த இஸ்கி என்ற பழைய குறியீட்டின் அமைப்பைப் பின்பற்றியது. அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது, நம் நெடுங்கணக்கில் போலக் கடைசியில் இல்லை. புள்ளிக்கும் உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் எண். அதனால்தான் ண் என்பது ணே என்பதற்குப் பின்னால் போய்விடுகிறது. தமிழ் அகராதி வரிசைப்படி அடுக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. ஐசியு என்ற நிரல்தொகுப்பு மொழிவாரி வரிசைகளை அறியும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து அதைப் பயன்படுத்துகிறது. ஜாங்கோவிலிருந்து அதைக் கேட்கவும் முடியும்.

பெயர்ச்சீட்டு அச்சிடும் நிரலையும் பாருங்கள். பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட வேண்டும் என்று எழுதினோம். மீனாவுக்கு "மீ" வர வேண்டிய இடத்தில் "ம" மட்டும் வந்தது. "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கோ ஐந்து குறியீடு. மகரமும் இகரக் குறியும் அதற்குத் தனித்தனி. இதைப் பைத்தான் தானாகத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எந்த மொழியில் எழுதினாலும் நாம் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய வேலை இது. ஆனால் இந்த இரண்டு வேலையும் நம் பணிப் பட்டியலில் 14 மாதமாகக் கிடக்கின்றன. அந்த 14 மாதத்துச் சனிக்கிழமைகளும் துணைநிரல்களின் பதிப்பை உயர்த்துவதிலும் பெட்டிகள் ஏன் விழுந்தன என்று தேடுவதிலும் போயின. தமிழை வளர்ப்பதற்காக ஒரு சங்கம், அதன் தளத்தில் ஒரு பிள்ளையின் பெயர் சரியாக அச்சாகவில்லை. அதைச் சரிசெய்யும் ஆர்வமும் அறிவும் நம் குழுவிலேயே இருந்தும், நேரம் இல்லாமல் போயிற்று. இதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

சரி, ஏன் பைத்தான்? ரூபி படிக்க இனிமையான மொழி, அதன் ரெயில்ஸ் என்ற கட்டமைப்பு 2004இலேயே இந்த எளிமையைக் காட்டிவிட்டது. பிஎச்பி மொழியில் லாராவெல் என்ற கட்டமைப்பு இருக்கிறது, மலிவான எந்த வாடகைக் கணினியிலும் ஓடும். ஊரும் ஆளும் வேறாக இருந்தால் இவற்றில் ஒன்றை நானே பரிந்துரைப்பேன். இங்கே உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வுக்குக் கணினிப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் பைத்தானில்தான் நிரல் எழுதுகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பலருக்கு அதுதான் முதல் மொழி. நம்மிடம் கதை சொல்ல வந்த பிள்ளை ஐந்தாறு ஆண்டு கழித்துத் தொண்டூழியராகத் திரும்பி வரும்போது, நம் நிரலைத் திறந்து முதல் நாளே படிக்க முடியும். மொழியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தெரியவில்லை.

பைத்தானும் தன் மக்களைச் சிரமப்படுத்தியிருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். 2008இல் 3ஆம் பதிப்பு வந்தது, 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் பலருக்குத் தலைவலி. ஆனால் ஜாங்கோ தன் கால அட்டவணையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 2025 ஏப்ரலில் வந்த 5.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2028 ஏப்ரல் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறையில், திட்டமிட்டு உயர்த்திக்கொள்ளலாம்.

வேகம் போதுமா என்று பொருளாளர் கேட்டார். இன்ஸ்டகிராம் ஜாங்கோவில் வளர்ந்த தளம். நம் நானூறு பிள்ளைகளுக்குப் போதும்.

இலவசப் படிவச் செயலிகள் போதாதா என்றும் ஒருவர் கேட்டார். ஒரே நாளில் முடியும் நிகழ்ச்சிக்குத் தாராளமாகப் போதும், அங்கே அதையே பயன்படுத்துவோம். வருகைப் பதிவு, கட்டணம், பல ஆண்டு வரலாறு, யார் எந்தச் சனிக்கிழமை வருகிறார் என்ற அட்டவணை எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டிய இடத்தில்தான் நமக்குத் தளம் தேவைப்படுகிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். ஒரு பெற்றோர் தம் பிள்ளையின் விவரங்களை நீக்கச் சொன்னால் இன்று மூன்று சேவைகளிலும் தேட வேண்டும், எதிலும் மிஞ்சவில்லை என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. 2019 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றிக் கேட்கக்கூடாது என்ற விதி வந்தபோதே பழைய பதிவுகளைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். மாற்றத்தின்போது அந்த வேலையையும் முடித்துவிடலாம்.

கனமான மறுப்பு இணையக் குழுத் தம்பி தங்கைகளிடமிருந்து வந்தது. "அக்கா, வேலை விளம்பரத்தில் எல்லாம் ரியாக்ட்தான் கேட்கிறார்கள். இங்கே அதைச் செய்தால் எங்களுக்கும் பயன்" என்றார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள் இங்கிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும், அது நியாயம். ரியாக்ட் பழக்கம் கொஞ்சம் குறையும், அது இழப்புதான்.

ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையின் மறுபக்கத்தில் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு திரையின் மூலையில் இருக்கும் பொத்தானை எழுதியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஒரு தேவையைக் கேட்டு, தரவை வடிவமைத்து, எழுதி, சோதித்து, தளத்தில் ஏற்றி, அடுத்தவருக்குப் புரியும்படி ஒப்படைத்த அனுபவத்தோடு வருகிறவர்கள் மிகக் குறைவு. இன்றைய நம் தளத்தில் ஒரு தங்கை ஆறு மாதம் உழைத்தாலும் ஒரு சேவையின் ஒரு மூலையைத்தான் பார்க்கிறாள். புதியதில் அதே ஆறு மாதத்தில் முழு வேலையையும் தன் கையால் செய்திருப்பாள். நேர்காணலுக்குப் பயிற்சி கேட்பவர்களோடு நான் உட்காரத் தயார், ரியாக்ட் உட்பட.

எப்படி மாற்றுவது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திரும்ப எழுத வேண்டாம். நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவியின் 4ஆம் பதிப்பு 1997இல் வந்தது. முழுவதையும் புதிதாக எழுதப்போய், அடுத்ததாக 6ஆம் பதிப்பு வெளிவந்தது 2000 நவம்பரில். அதற்குள் இணையம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. நாம் துண்டு துண்டாக மாற்றுவோம். ஏப்ரல் முடிந்ததும் போட்டிப் பதிவு மட்டும் ஜாங்கோவுக்கு வரட்டும். ஜூன் விடுமுறை முகாம் அதில் ஓடட்டும். அது நன்றாக நடந்தால் வருகைப் பதிவும் அட்டவணையும், கூடவே அகர வரிசை, பெயர்ச்சீட்டு. கட்டணத்தைக் கடைசியாக, நவம்பர் டிசம்பர் பள்ளி விடுமுறையில் தொடுவோம். பழையது அதுவரை ஓடிக்கொண்டிருக்கும். ஜூனில் சரிப்படவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி பேசலாம்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எனக்கு 20 நிமிடம் கொடுங்கள். போட்டிப் பதிவுப் பகுதியை மாதிரியாக எழுதி மடிக்கணினியில் கொண்டுவருகிறேன். அதை நான் இயக்கிக் காட்டப்போவதில்லை. கடைசி நாளை மாற்றும் வேலையைச் செயலாளர் அக்காவிடம் கொடுப்பேன். சைவ அசைவக் கட்டத்தைச் சேர்க்கும் வேலையை, சென்ற மாதம்தான் குழுவில் சேர்ந்த, இந்த நிரலை இதுவரை பார்த்திராத தங்கையிடம் கொடுப்பேன். நான் பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களால் 20 நிமிடத்தில் முடியவில்லை என்றால் என் கோரிக்கையைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

அன்புடன்,
இணையக் குழுவிலிருந்து உங்கள் தொண்டூழியர் ஒருத்தி